திருகாணியை நம்பினேன்

45 வயதைத் தாண்டியதும் கைத்துப்பாக்கியின் முன் குறி எனக்கு மங்கலாகிவிட்டது. அயர்ன் சைட் எனும் இரும்புக் குறியில் பின் குறியின் பிளவு, முன் குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒன்றைத்தான் தெளிவாகப் பிடிக்கும். அது முன் குறியாக இருக்க வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அதுவே பெரும்பாடு. ரெட் டாட்டில் இந்தத் தொல்லை கிடையாது. சின்ன எல்இடி ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இலக்கின் மேலேயே சிவப்புப் புள்ளியாகத் தெரியும். 1975இல் சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் கொண்டுவந்த நுட்பம். டெக்சாஸில் நான் போகும் ரேஞ்சில் பலரும் மாறியிருந்தார்கள், நானும் மாறினேன்.

தோட்டாக்கள் இடப்பக்கம் கீழே விழுந்தன. அயர்ன் சைட்டிலும் அங்கேதான் விழுந்தன. அப்போது கண்ணைக் குறை சொன்னேன். இப்போது ஜீரோ, அதாவது புள்ளியும் குண்டு விழும் இடமும் ஒத்துப்போகும் அமைப்பு, சரியில்லை என்று முடிவுகட்டினேன். என் பழைய இரும்புக் குறியை நகர்த்தத் தனிக் கருவி வேண்டும். டாட்டுக்கோ சின்னத் திருகாணி போதும். மேலே கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று திருகி, குண்டுகளை நடுவில் விழவைத்துவிட்டேன்.

மனைவி என்னைவிட நிதானமாகச் சுடுவாள். அந்தத் துப்பாக்கியில் அவள் சுட்டவையெல்லாம் வலப்பக்கம் மேலே போயின.

"ட்ரிகரை வெடுக்குன்னு இழுக்கிறே."

"இல்லங்க, புள்ளி அசையவே இல்ல."

நான் கேட்கவில்லை. பக்கத்து லேனில் ஆட்கள் நிற்கும்போதே அவள் விரலைத் திருத்தினேன். ஒவ்வொரு வாரமும் திருத்தினேன். ஒருநாள் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு பயிற்சியாளர், எனக்குத் தெரியாமல் மேகசினில் டம்மி தோட்டா ஒன்றைக் கலந்து கொடுத்தார். இரண்டு வெடித்தன. அடுத்தது 'டிக்' என்றது. வெடியில்லை, உதைப்பில்லை. ஆனாலும் புள்ளி நின்ற இடத்தில் நிற்கவில்லை. கறுப்பு வட்டத்தை விட்டு இடப்பக்கம் கீழே சரிந்தது. என் மணிக்கட்டு சத்தத்துக்குப் பயந்து முந்திக்கொண்டு அமுக்கியிருக்கிறது. இத்தனை நாளும் உதைப்பு அதை மறைத்திருந்தது. புள்ளி இருந்ததால்தான் அந்தச் சரிவை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்து நிதானமாகச் சுட்டார். ஓட்டைகள் வலப்பக்கம் மேலே, அவள் சுட்ட அதே இடத்தில்.

அன்று இரவே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். ஜீரோவை மூட்டையில் வைத்துச் சரிசெய்துவிட்டேன். இன்னும் டம்மி தோட்டாவோடு பழகுகிறேன். வாராவாரம் அவளைக் கூப்பிடுகிறேன், இதுவரை வரவில்லை.