கொல்லையில் ஒரு குளுகுளு அறை (கூடவே ஒரு திண்ணை)

இங்கிலாந்துப் பக்கம் வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் தனியாக ஓர் அறை கட்டிக்கொள்வது ரொம்ப நாளாக உள்ள பழக்கம். 2020-ல் கொரோனா வந்து ஆளாளுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு அது இன்னும் கூடிப்போனது. மரச்சட்டத்தில் ஒரு கூடு அடிப்பார்கள். சட்டங்களுக்கு நடுவே நுரைப்பலகையைத் திணிப்பார்கள். சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் அதே திணிப்பு. வெளியே சுற்றிலும் பலகை அடித்து ஒரு தளம், அதற்கு டெக்கிங் என்று பெயர். ஆள் வைக்காமல் சனி ஞாயிறில் தாங்களே கட்டி முடிப்பவர்களும் உண்டு. வீடியோவில் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும்.

அதை அப்படியே அறந்தாங்கியில் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் கட்டினால் என்ன ஆகும்? முதல் சித்திரையிலேயே அறையைப் பூட்டிவிட்டுத் தென்னை மரத்தடிக்கு வந்துவிடுவார்!

காரணம் ரொம்ப சிம்பிள். அவர்கள் ஊர் அறை உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பாற்றுகிற அறை. ஃபிளாஸ்க் மாதிரி. அறந்தாங்கியில் வேண்டியது குடை. ஃபிளாஸ்க்குக்குள் ஓர் ஆளையும் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்து மூடினால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளே சுமார் 100 வாட் சூடு விடுகிறார். அது வெளியே போக வழியில்லை. ஏசி போட்டால் சரிதான். ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிற வீட்டுக்கு வேறு கணக்கு.

அந்தக் கணக்கை வானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அறந்தாங்கி பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியைக் கொஞ்சம் தாண்டி இருக்கிறது. அதனால் ஏப்ரல் 16, 17 வாக்கில், அதாவது தமிழ் வருஷப் பிறப்பு முடிந்து இரண்டு மூன்று நாளில், நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நிழல் காலடிக்குள் போய்விடும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை அதே கதை. ஆக வெயில் அடிப்பது சுவரை இல்லை, கூரையை. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்று வைத்துக்கொள்வோம், 120 சதுர அடி, சுமார் 11 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் விழுகிறது. ஒரு கிலோவாட் ஹீட்டர் பதினொன்றைக் கூரை மேல் வரிசையாக வைத்து ஸ்விட்சைப் போட்ட மாதிரி! அதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்றாலும், உள்ளே இறங்குகிற மிச்சமே போதும், ஆளை வேக வைக்க.

சுவர் விஷயத்தில் கிழக்கும் மேற்கும்தான் எதிரி, குறிப்பாக மேற்கு. சாயங்காலச் சூரியன் தாழ்வாக வந்து சுவரின் நெஞ்சில் அடிக்கும். அறையின் குட்டைச் சுவர் இரண்டும் கிழக்கு மேற்காக அமையும்படி அஸ்திவாரம் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை, வாஸ்து பார்ப்பதோடு சரி.

சரி, கூரைக்கு வருவோம். கொல்லையில் ஒரு ரூம் என்று சொன்னதுமே கொத்தனார் சொல்லுகிற பதில் தெரிந்ததுதான். "ஷீட் போட்டுரலாம் தம்பி, ரெண்டு நாள் வேலை." கல்நார் ஷீட்டோ தகரமோ, போட்டுவிடலாம்தான். செலவு குறைவு, நின்றும் விடும். பிறகு அந்த அறை யாருக்குப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். டிவி இருக்கும் ஹாலை யாரும் ஷீட்டில் போடுவதில்லை. பின்னால் எடுத்த ஷீட் அறை வயசான அப்பாவுக்கோ, அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பையனுக்கோ, வாடகைக்கு வரும் குடும்பத்துக்கோதான் போகும். வீட்டிலேயே குரல் குறைந்த ஆள் யாரோ அவர் தலைக்கு மேல் தகரம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெயிலில் இறந்தால் 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வெயில் என்றதும் ரோட்டில் அடிக்கும் வெயில்தான் ஞாபகம் வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஷீட்டுக்குக் கீழே கட்டிலில் படுத்திருக்கிற எழுபது வயது ஆளும் அதே வெயிலில்தான் இருக்கிறார்.

கீற்றுக் கூரை இருந்ததே, அது என்ன ஆச்சு? குளிர்ச்சியில் கீற்றை அடிக்க ஆளில்லை. ஓலைக்குள்ளும் ஓலைகளுக்கு நடுவிலும் அடைபட்டிருக்கிற காற்றுதான் விஷயம். அசையாத காற்றை விட மலிவான வெப்பத் தடுப்பு உலகத்தில் இல்லை. தெர்மாகோல் என்பதே காற்றை அடைத்து வைத்த பிளாஸ்டிக்தான். கணக்குப் போட்டால் ஓர் அங்குலம் தெர்மாகோல் தடுக்கிற சூட்டைத் தடுக்கக் கான்கிரீட்டுக்குக் கிட்டத்தட்ட மூன்றடி கனம் வேண்டும். நம்ப முடியவில்லை என்றால் பாருங்கள், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகும் மொட்டை மாடித் தளம் காலைச் சுடுகிறது. பகலில் குடித்த சூட்டை ராத்திரி படுக்கப் போகும் நேரம் பார்த்துக் கீழே இறக்கும் அது.

ஆனால் 2004 ஜூலை 16 என்று ஒரு நாள் இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகை போயிற்று, போக வேண்டியதுதான். வீடுகளிலும் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் திட்டங்கள் 2010-லிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தீ பயம் போனது, மழை ஒழுகல் போனது. கூடவே குளிர்ச்சியும் போனது. அந்த மூன்றாவதைக் கணக்கில் யாரும் எழுதவில்லை. காமர்ஸ் பாஷையில் சொன்னால் வரவு மட்டும் ஏறிய லெட்ஜர்.

அப்படியானால் தீப்பிடிக்காத, ஆனால் கீற்று மாதிரிக் காற்றை அடைத்து வைக்கிற கூரை வேண்டும். இதற்கு நம் ஊரிலேயே பழைய வழி உண்டு. தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்கு அடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். சில இடங்களில் மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்து, இடுக்கில் கலவையை நிரப்புவார்கள். பானைக்குள் இருக்கும் காற்று தப்ப முடியாது. இரண்டுமே கனம் கூடிய வேலை. சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டிவிடும், அதனால் தளத்தின் கம்பிக் கணக்கைப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. கனம் வேண்டாம் என்றால் நுரைப்பலகையைத் தளத்துக்கு மேலே போட்டு அதன் மேல் ஓடு பதிக்கலாம். மேலே போட்டால்தான் தளமே சூடாகாது. கீழே ஒட்டினால் தளம் சூடாகி விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். தெர்மாகோலை அப்படியே திறந்து வைத்தால் எறும்பு கூடு கட்டும், தீயென்றால் புகையாலேயே ஆளைக் கொல்லும். ஆக எதைப் போட்டாலும் மூடித்தான் போட வேண்டும்.

லாரி பேக்கரைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் அங்கேயே இறந்த கட்டடக் கலைஞர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுகிற எலிப்பொறிச் சுவரை ஊரெல்லாம் பரப்பியவர். ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் செங்கல் கால்வாசி மிச்சம், நடுவில் காற்று இலவசம். தளத்திலும் அப்படித்தான். கான்கிரீட்டின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் பெரிதாக எதையும் தாங்குவதில்லை என்று அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்துவிடுவார். அவர் ஊர் இங்கிலாந்து, அங்கே வீட்டுச் சுவரில் காற்று இடைவெளி விடுவது குளிருக்கும் ஈரத்துக்கும். இங்கே வந்து அதை வெயிலுக்குத் திருப்பிவிட்டார் மனுஷன். ஒரே சிக்கல், இந்தச் சுவர் தெரிந்த கொத்தனார் பக்கத்தில் கிடைக்க மாட்டார். தெரியாதவர் கையில் கொடுத்தால் நடு இடைவெளி முழுக்கக் கலவையை அடைத்துவிட்டு "ஸ்ட்ராங்கா கட்டியிருக்கேன்" என்பார். கூடவே நின்று இரண்டு வரிசை கட்டிக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தரை? தரைக்கு ஒன்றும் வேண்டாம். வீடியோவைப் பார்த்துக் கட்டுபவர் வழுக்கி விழுவது இங்கேதான். குளிர் நாட்டில் தரை வழியாகச் சூடு ஓடிவிடும், அதனால் அடியிலும் நுரைப்பலகை. இங்கே மதியம் காற்று 38 டிகிரியில் கொதிக்கும்போது நிழலில் இருக்கும் மண் அதை விடப் பல டிகிரி குறைவாக இருக்கிறது. அந்தக் குளுமையை மறைத்துப் பலகை போடுவானேன்? சிமெண்ட் தரையில் ரெட் ஆக்சைடு பூசிவிட்டு வெறும் தரையில் துண்டை விரித்துப் படுக்கலாம்.

இனி டெக்கிங். நம் பாஷையில் திண்ணை, தாழ்வாரம். அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் பேரோடு சேர்ந்த திருப்பெருந்துறை அதுதான். அங்கே கூரை விளிம்பில் சரிந்து நீளும் கல் கொடுங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரச்சட்டம், ஆணி, கம்பி என்று மரக்கூரையில் இருக்கிற எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதுவார்களாம். எல்லோரும் அதன் வேலைப்பாட்டைத்தான் பார்க்கிறார்கள். கொடுங்கை செய்கிற வேலை என்ன? வெயிலும் மழையும் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்வது! நிழலுக்குள் இருக்கும் சுவருக்கு நுரைப்பலகை எதற்கு?

நம் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குச் சுற்றிலும் நாலடித் தாழ்வாரம் எடுத்தால் அதுவே 240 சதுர அடி. அறையை விட இரண்டு மடங்கு! பட்ஜெட் காலி. ஆனால் நாலு பக்கமும் தேவையில்லை. வடக்குப் பக்கம் வெறும் ஒன்றரை அடி இறவாரம் நீட்டினால் போதும், ஜூன் மாத நடுப்பகலில்கூடச் சுவரில் ஆறடிக்கு மேல் நிழல் விழும். நாலடி வேண்டியது மேற்கிலும் கிழக்கிலும், பிறகு உட்கார்ந்து பேசுவதற்கு வாசல் பக்கம். மேற்கு மட்டும்தான் முடியும் என்றால் மேற்கு மட்டும்.

மரத்தில் தளம் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்ததே, அப்போது தென்னம்பலகை என்ற பேச்சு நிறைய வந்தது. தென்னையில் வெளிவட்டம்தான் வைரம், நடுப்பகுதி தக்கை. வெளிப்பகுதியை மட்டும் அறுத்து மருந்தேற்றினால் நல்ல பலகை. மருந்தேற்றாமல் மண்ணில் பட வைத்தால் மூன்று வருஷம் தாங்காது, கறையானுக்கு விருந்து. (பனை இன்னும் உறுதி. ஆனால் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள், நல்லதுதான்.) இரண்டடிக்குக் கருங்கல் எழுப்பி மேலே கடப்பைக்கல் பதித்த திண்ணை பேரன் காலத்துக்கும் இருக்கும்.

கஜா இன்னொன்றும் காட்டியது. காற்றுக்கு முதலில் சிக்குவது நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான். அறைக்கூரையையே இழுத்து நாலடி நீட்டித் தாழ்வாரம் ஆக்கினால், காற்று அடியில் புகுந்து மொத்தத்தையும் கிளப்பிவிடும். தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை, தனித் தூண். போனால் அது மட்டும் போகட்டும்.

தானே கட்டுவது பற்றி? அஸ்திவாரம், தளம், கரண்ட் மூன்றையும் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும். திண்ணை பூசுவது, ஓடு வேய்வது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் வீட்டு ஆட்களே செய்யலாம். செலவு கூடுதே என்பவர்கள் ஏசியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று குறைவாகவே வைத்தாலும், ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாசத்தில் 480 யூனிட். இலவச யூனிட்டெல்லாம் அதில் கரைந்துவிடும். ஃபேன், ஃபிரிட்ஜ் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் மாறிப்போகும். திண்ணைக்கு மீட்டர் ஓடாது.

இதெல்லாம் புதுசாகக் கட்டுகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஷீட் போட்டு, ஏற்கெனவே அப்பாவைப் படுக்க வைத்தாயிற்று என்றால்? ஷீட்டுக்கு மேல் வெள்ளை அடிக்கலாம். அந்த ஒன்றிலேயே உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. தூசு பறக்கும்படி கல்நாரைத் தேய்க்காமல், ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். ஷீட்டுக்குக் கீழே அரையடி விட்டு மூங்கில் பாயில் ஒரு தட்டி கட்டி, இரண்டு முனையையும் காற்றுக்குத் திறந்து விடலாம். மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி, தைப்பட்டத்தில் பீர்க்கு விதை போட்டால், பங்குனி கடைசியில் கொடி சுவரை மூடியிருக்கும். காயும் கிடைக்கும்.