டி செல்லும் பெரியப்பாவும்

போன்ல அம்மா.
"ஞாயித்துக்கிழமையும் லேப்பாடி?"
"டி செல்லுக்கு மீடியா மாத்தணும்மா. விட்டா செத்துடும்."
"நீ சாப்டியா?"
பேச்ச மாத்திட்டேன்.

எம்எஸ்சி வரைக்கும் இம்யூனாலஜின்னாலே ஓட்டம். சிடி4, சிடி8, சிடி28... வெறும் நம்பரா வரும், தலை சுத்தும்.

அப்புறம்தான் ஜேம்ஸ் ஆலிசன் குழுவோட 1996 பேப்பர் கண்ணுல பட்டுச்சு.
மனுஷன் கேன்சர் கட்டி பக்கமே போகல.
டி செல்லுல, அதாவது நோய் எதிர்ப்பு செல்லுல, சிடிஎல்ஏ-4ன்னு ஒரு பிரேக் இருக்கு. அத ஆன்டிபாடி போட்டு மறிச்சாரு. எலிக்கு இருந்த கட்டிய அதோட டி செல்லே கரைச்சிடுச்சு!

அது இபிலிமுமாப்னு மருந்தா அமெரிக்காவுல அனுமதி வாங்க 2011 ஆச்சு. நோபல் 2018ல, ஹோஞ்சோங்கற இன்னொரு விஞ்ஞானியோட சேத்து.
ஆலிசன் ஹார்மோனிகாவும் வாசிப்பாரு. பேண்ட் பேரு 'செக்பாயிண்ட்ஸ்'. குசும்பு!

இந்த மருந்தால மெலனோமாங்கற தோல் கேன்சர் வந்தவங்க சிலர் பத்து வருஷம் தாண்டியும் இருக்காங்க. நிறைய பேருக்குக் கேக்கவே இல்ல.
ஏன்?
அந்த 'ஏன்'ல ஒரு ஓரமா பைப்பெட்டோட நானும் உக்காந்திருக்கேன்.

ஊர்ல பெரியப்பாவோ, "நம்ம பாப்பா கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டா"ன்னு கல்யாண வீடு கல்யாண வீடா சொல்லிட்டுத் திரியறாரு.
நான் இதுவரை கண்டுபிடிச்சது, லேப்புல எந்த சென்ட்ரிஃப்யூஜ் சத்தம் போடாதுங்கறது மட்டும்தான்.

பிஎச்டி முடியப் போகுது.
போஸ்ட்டாக்கா, கம்பெனியா?
அனுபவப்பட்டவங்க சொல்லுங்கப்பா, எந்தப் பக்கம் போகலாம்?