தூசி கழுவும் விருந்து

முத்து நதிக்கரையிலுள்ள காண்டன் மாநகரை இன்று குவாங்ஜோ என்று வழங்குகிறார்கள். 'உண்பதற்குக் காண்டன்' என்பது சீன தேசம் முழுதும் அறிந்த வாக்கு. அந்நகரத்தாரின் சமையலைப் பற்றிக் கேள்விப்படாதவர் சிலரே. அவர்களுடைய உபசார மொழியோ அதனினும் சுவையுடையது.

நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்தவருக்கு அளிக்கும் விருந்தின் பெயர் 'ஜிப் புங் ஸை சன்'. 'காற்றை எதிர்கொண்டு, தூசியைக் கழுவுதல்' என்பது பொருள். வழிக் களைப்பு முழுவதையும் நான்கே அசைகளில் போக்கிவிடுகிறார்கள்! பெருவிருந்துக்கு 'யின் ஜிக்' என்று பெயர். இவ்விரு சொற்களுமே ஆதியில் பாயைக் குறித்தவை. பண்டைச் சீனர் தரையில் பாய் விரித்து அமர்ந்து உண்டனர். நாற்காலியும் வட்ட மேஜையும் வந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியும், விருந்தினர் இன்றும் 'பாயில் புகுகிறார்' என்பதே மரியாதையான வழக்கு.

ஹாங்காங்கின் கல்யாணப் பத்திரிகைகளில் இரண்டு நேரங்கள் அச்சிடுவதுண்டு. ஒன்று, வீட்டார் 'பணிந்து காத்திருக்கும்' நேரம். மற்றது, 'பாயில் புகும்' நேரம். பதார்த்தங்கள் எட்டும் பத்தும் வரிசையாக வரும் விருந்தாயினும், அழைப்பவர் அதனை 'நீர்த்த மது' என்றே எழுதுவார். வருகிறவரின் வரவோ 'க்வோங் லம்', அதாவது ஒளியின் வருகை! குறித்த வேளையில் ஆள் அனுப்பித் துரிதப்படுத்த இயலாமைக்கு மன்னிப்பும் சில பத்திரிகைகளில் உண்டு. தம்மைத் தாழ்த்தி விருந்தினரை உயர்த்துவதே இம்மொழியின் இலக்கணம்.

இச்சொற்களுக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. அவற்றின் எழுத்து சீனர் அனைவருக்கும் பொது. ஓசை மட்டுமே காண்டன் மக்களுக்கு உரியது. குவாங்ஜோவின் பள்ளிக்கூடங்களில் பாட மொழியோ வடபுலத்து மாண்டரின். 2010-ஆம் ஆண்டில், ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு, நகரத் தொலைக்காட்சியில் மாண்டரின் நிகழ்ச்சிகளைப் பெருக்க வேண்டுமென்ற யோசனை எழுந்தது. மக்கள் வீதியில் திரண்டு ஆட்சேபித்தார்கள்.

பத்திரிகையில் சொல் அச்சாகிக் கொண்டுதான் இருக்கும். ஆனால் வாசலில் நின்று எந்த ஓசையில் அதனைச் சொல்லி வரவேற்பது என்பதல்லவா கேள்வி? மேஜையைச் சுற்றி அமர்ந்த பேரக் குழந்தைகளைப் பார்த்துப் பாட்டி, 'ஹேய் ஃபாய்' - உண்ணும் குச்சிகளை எடுங்கள் - என்று சொல்ல, அவர்களும் அதே மொழியில் மறுமொழி கூறும் வரையில், அந்தப் பழைய பாய் சுருட்டப்படாது.