காடில்லாத ஊரில் பிரம்பு சோஃபா

உலகில் விற்பனையாகும் பிரம்பில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தோனேசியக் காடுகளில் விளைகிறது. அதை மேசை, நாற்காலி, சோஃபாவாக்குவதில் பெயர்பெற்ற ஊர் மேற்கு ஜாவாவின் வடகரையிலுள்ள சிரெபோன். வேடிக்கை என்னவென்றால், சிரெபோனைச் சுற்றிப் பிரம்புக் காடே இல்லை. சுமத்ரா, கலிமந்தான், சுலாவெசி தீவுகளிலிருந்து கடல் வழியாக வந்து இறங்கும் கட்டுகளை நம்பித்தான் இங்கே அடுப்பெரிகிறது.

நகரத்துக்கு மேற்கே தெகால்வாங்கி கிராமத்தில் சந்துக்குச் சந்து பட்டறை. நாம் போயிருந்த பட்டறையில் மூன்று பேர் அமரும் சோஃபா ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. தாழ்வான இருக்கை, பின்னே சாய்ந்த முதுகு, கைப்பிடியாகத் தொடங்கி முறியாமல் காலாக இறங்கும் ஒரே சட்டம். பார்த்ததுமே 1950களின் சாயல் தெரிந்தது.

அந்தச் சாயலுக்கு ஒரு வரலாறு உண்டு. போருக்குப் பிந்தைய இத்தாலியில் கட்டடக் கலைஞர் ஃபிராங்கோ அல்பினி, பொனாச்சினா நிறுவனத்துக்காக 1951இல் ‘மார்கெரிட்டா’ என்ற பிரம்பு நாற்காலியை வரைந்தார். டென்மார்க்கின் நான்னா டிட்செல் 1959இல் முட்டை வடிவத் தொங்கு நாற்காலியைத் தந்தார். ஜப்பானில் இசாமு கென்மோச்சி, தோக்கியோவின் ஹோட்டல் நியூ ஜப்பானுக்காக 1960இல் உருண்டையான நாற்காலியை வடிவமைத்தார். யமகாவா நிறுவனம் பின்னித் தந்த அந்த நாற்காலி பிறகு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எஃகுக் குழாயை வளைக்க எந்திரம் வேண்டும், ஒட்டுப்பலகைக்கு அழுத்தும் கருவி வேண்டும். பிரம்புக்குச் சூடும் கையும் போதும். அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் பிரம்பின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

பட்டறையில் அந்தக் கை யாருடையது? நீராவிப் பெட்டியருகே நின்றிருந்த பெரியவருடையது.

சட்டத்துக்கு ‘மனாவ்’ என்ற பிரம்பு. 25 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளது. மூங்கிலைப் போல உள்ளே கூடு கிடையாது. முழுக்க நார் திணிந்த கொடி. ஈரமும் பிசினும் போக எண்ணெயில் வேகவைத்து, துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகே பட்டறைக்கு வருகிறது. நீராவியில் ஊறி வெளிவந்த கழியைப் பெரியவர் அச்சில் பொருத்தி, உடம்பின் எடையை அதன் மேல் சாய்க்கிறார். ஆறுவதற்குள் வளைத்துவிட வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்புற நார் பிளக்கும். தயங்கினால் கழி விறைத்துக்கொள்ளும். “பாக் (ஐயா), இது போதுமா?” என்று உதவியாளப் பையன் கேட்கிறான். “இன்னும் இரண்டு விரல். இல்லாவிட்டால் உட்காருகிறவருக்கு இடுப்பு வலிக்கும்” என்கிறார் அவர். வரைபடம் சுவரில் தொங்குகிறது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நம்மூரில் மயிலாடுதுறை மாவட்டத்துத் தைக்காலிலும் பிரம்பு வளைகிறது. பிரம்பு வேலையில் நம் நாட்டில் பழகிய முறை, ஊதுவிளக்கின் நெருப்பைக் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பது. நீராவியில் கருகல் தழும்பு விழாது. வார்னிஷ் பூசாமல் இயற்கை நிறத்தோடு விற்க அதுவே வசதி.

வளைந்த கழிகளைத் திருகாணியால் முடுக்கி, மூட்டுகள் மேல் பிரம்புத் தோலை நனைத்து இறுக்கிச் சுற்றுகிறார்கள். காயக் காயக் கட்டு இறுகும். முதுகுப் பின்னலுக்கு ‘சேகா’ என்ற மெல்லிய பிரம்பு. அந்த வேலை பெரும்பாலும் பெண்களிடம். சட்டங்களை வீட்டுக்கே எடுத்துப்போய், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே பின்னித் தருகிறார்கள். கூலி உருப்படிக் கணக்கு, அவர்கள் பேச்சில் ‘போரோங்கான்’. வேலை வந்தால் காசு, இல்லையென்றால் இல்லை.

வேலை வருவதும் வராததும் ஜகார்த்தா எடுக்கும் முடிவைப் பொறுத்தது. 2005இல் கச்சாப் பிரம்பு ஏற்றுமதிக்கு அரசு வழிவிட்டபோது சரக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனது. சிரெபோன் பட்டறைகள் தவித்தன. 2012 தொடக்கத்தில் அந்த ஏற்றுமதிக்கு மறுபடி தடை வந்தது. பட்டறைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் கலிமந்தானிலும் சுலாவெசியிலும் கொடி வெட்டுகிறவர்களுக்கு வாங்குகிறவர்கள் குறைந்து, விலையும் படுத்தது. ஒரே சோஃபாவின் இரு முனைகளில் இருப்பவர்களை இப்படி எதிரெதிரே நிறுத்தும் தடையைப் பாதி நியாயம் என்றுதான் சொல்ல முடியும். பிரம்பு படர மரம் வேண்டும். கொடிக்கு நல்ல விலை கிடைத்தால்தான் மரத்தை விட்டுவைக்க ஊராருக்கு ஒரு காரணம் இருக்கும். அதிலும் மனாவ் ஒற்றைத் தண்டு இனம். வெட்டினால் மறுபடி துளிர்க்காது, புதிதாகத்தான் நட வேண்டும்.

இதற்கிடையே பிளாஸ்டிக் பிரம்பு வேறு. மழையில் கெடாது என்பது உண்மைதான், தோட்டத்துக்கு அது போதும்.

வரவேற்பறைக்கு வாங்குகிறவர்கள் வடிவமைப்பாளர் பெயரைக் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். சோஃபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் கீறல் ஓடியிருக்கிறதா, மூட்டுக் கட்டை நகத்தால் நெம்பினால் அசைகிறதா, கழியின் வெட்டுமுனையில் நிஜப் பிரம்புக்குரிய நார்த்துளைகள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். எந்த ஊரில் பின்னியது என்றும் கேளுங்கள். கடைக்காரரால் பதில் சொல்ல முடியாவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறே இல்லை.