தூரத்தின் பாரம் யாருக்கு?

நவம்பர் 2, 2025, ஞாயிறு

இன்று அதிகாலை மாண்ட்ரியலில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். சென்னையோடு ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் இனி மார்ச் வரை பத்தரை. எங்கள் காலை எட்டு மணி மீட்டிங்கை அப்படியே விட்டால், சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் என் டீமுக்கு மாலை ஐந்தரை என்பது ஆறரை ஆகிவிடும். பிள்ளைகளை டியூஷனிலிருந்து கூட்டிவரும் நேரம் அது. நாளை முதல் எனக்குக் காலை ஏழு; அவர்களுக்கு அதே ஐந்தரை. நேரத்தை மாற்றிக்கொண்டது என் ஊர். விடியுமுன் எழ வேண்டியவனும் நானே.

நவம்பர் 4, செவ்வாய்

டீமில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தங்கை வீடியோவில் அதிகம் பேசமாட்டாள். எந்த முடிவையும் முதல் நாளே எழுதி எல்லோருக்கும் அனுப்புவது எங்கள் வழக்கம். இன்று வெளியீடு பற்றிய குறிப்பின் கீழே எழுதியிருந்தாள்: "அண்ணா, இதை வெள்ளிக்கிழமை வெளியிட வேண்டாம். பிழை வந்தால் சனி, ஞாயிறு பார்க்க ஆளில்லை." சரியான பேச்சு. திங்களுக்குத் தள்ளி, காரணத்தையும் எழுதிவைத்தோம். இங்கே காபி மெஷின் பக்கத்தில் பேசி முடித்திருந்தால் அவள் குரல் வந்தே இருக்காது. யார் எத்தனை மணி நேரம் ஆன்லைனில் இருந்தார்கள் என்று நான் பார்ப்பதில்லை. சொன்ன வேலை சொன்ன நாளில் வந்ததா என்றே பார்க்கிறேன்.

நவம்பர் 8, சனி

இங்குள்ள லாஷீன் கால்வாய்க் கரையில் நடந்தேன். 1803இல் கட்டிய கல் கிடங்கு ஒன்று அங்கே இருக்கிறது. விலங்கு ரோமத் தோல் வியாபாரத்துக்கான சரக்கு வைத்த இடம். இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். அந்தக் காலத்தில் இந்த வியாபாரம் செய்த வடமேற்குக் கம்பெனி மாண்ட்ரியலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஆட்களை வைத்து வேலை நடத்தியது. தந்தி கிடையாது, கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். ஆனாலும் காட்டுக்குள் குளிர்காலத்தைக் கழித்தவர்களில் பலர் வெறும் சம்பளக்காரர்கள் அல்ல, லாபத்தில் பங்கும் கூட்டத்தில் ஓட்டும் உள்ள பங்காளிகள். மாண்ட்ரியல் முதலாளிகள் கோடைதோறும் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த வில்லியம் கோட்டைக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பேசினார்கள். இரு தரப்புக்கும் இடையே நம்பிக்கை கெட்டபோது, 1820இல் அதிருப்தியடைந்த காட்டுப் பங்காளிகள் தங்கள் சார்பில் பேச இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இருவரும் லண்டன் வரை போனார்கள். மறு ஆண்டே கம்பெனி, தன் போட்டியாளரான ஹட்சன் பே கம்பெனியோடு இணைந்துவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

அந்தக் கோடைக் கூட்டங்களைப் போல ஆண்டுக்கு ஒரு முறை முழு டீமும் சென்னையில் ஒன்றாக உட்காரப் பணம் ஒதுக்கும்படி இன்று மேலிடத்துக்கு எழுதினேன். டீம் நடத்தும் நண்பர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். தூரத்தின் கஷ்டத்தில் பெரும்பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள்.