பாளையத்து கேலரி

கப்பலண்டி வண்டிக்காரர் இரும்புச் சட்டியின் விளிம்பைக் கரண்டியால் தட்டும் சத்தம். அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. திருவனந்தபுரம் பாளையத்தில், சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்கு வெளியே, கால்பந்து ஆட்ட நாட்களில் சாயங்காலம் நாலு மணிக்கே அது தொடங்கிவிடும். சுடு மணல் வாசனையோடு காகிதக் கும்பிளில் கைக்கு வரும் கடலை, உள்ளே விசில் ஊதுவதற்கு முன்பே பாதி தீர்ந்திருக்கும்.

இங்கே நியூ ஜெர்சியில், கோடை வந்தால் ட்ரென்டன் நகரத்து பேஸ்பால் மைதானத்துக்குப் போகிறேன். டெலவேர் ஆற்றை ஒட்டிய சின்ன மைதானம். எண் போட்ட இருக்கை, சாய்ந்துகொள்ள முதுகு, பகல் போல வெளிச்சம். ஆட்டமும் நல்ல ஆட்டம்தான். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லாரும் எழுந்து ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். நானும் எழுந்து நிற்கிறேன். வரிகள்கூடத் தெரியும். ஆனால் பக்கத்திலிருப்பவருக்கு அதைச் சின்ன வயதில் அவருடைய அப்பா பாடிக் காட்டியிருப்பார். எனக்கு யாரும் பாடிக் காட்டவில்லை.

என் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. நாளெல்லாம் அளந்து பேசுகிற மனுஷன். ஆட்டம் இருந்தால் கடையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, கிழக்கேகோட்டை தாண்டி, ஏற்றத்தில் இறங்கித் தள்ளி, பாளையம் வந்துசேர்வார். கேலரியின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் குரலே வரும். "பந்தப் பாக்காத மக்களே. பந்து இல்லாதவன் எங்க ஓடுகான்னு பாரு." முன்பின் தெரியாதவர்களோடு மலையாளத்தில் சண்டை போடுவார், என்னிடம் திரும்பித் தமிழில் விளக்குவார். சண்டை போட்ட அதே ஆளுக்குக் கடலையை நீட்டுவார்.

கேரள போலீஸ் அணி 1990-லும் 1991-லும் அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை வென்ற காலம் அது. சத்தியன், விஜயன், பாப்பச்சன், ஷரஃபலி. அந்தப் பெயர்களை வீட்டு ஆட்களின் பெயர்கள் மாதிரி சொல்வார் அப்பா. 1988 ஜனவரியில் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஸ்ரீகாந்த் அடித்த 101-ஐயும் விடமாட்டார். அன்று மேற்கிந்தியத் தீவுகள் ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்ததை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போவார்.

சத்தியன் 2006-ல் போய்விட்டார். ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரின் எஸ்.பி.டி. அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். 2017-ல் ஸ்டேட் வங்கியோடு இணைந்ததில் அந்த வங்கியின் பெயரே இல்லாமல் போயிற்று. திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில் பெரிய மைதானம் வந்தது. 2023-ல் இந்தியா அங்கே கிரிக்கெட்டில் இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தபோது சந்தோஷப்பட்டேன். சொல்லிச் சந்தோஷப்பட அப்பா இல்லை.

இப்போது கைபேசியிலேயே ஐ.எஸ்.எல். கால்பந்து பார்க்கலாம். விழுந்த கோலை எத்தனையோ கோணத்தில் திருப்பிப் போடுகிறார்கள். பந்து இல்லாதவன் எங்கே ஓடினான் என்பதை மட்டும் காட்டுவதில்லை.

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது புரியும். உங்களுக்கு அது மதுரையின் கபடிக் களமாக இருக்கலாம், யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் கிரிக்கெட்டாக இருக்கலாம். புது ஊரின் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிடலாம். விதிகள் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் ஒரு மைதானம் நம்முடையதாக ஆவதற்கு, அங்கே நமக்கு முன்னால் உட்கார்ந்து கத்தியவர் ஒருவர் நம் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த கோடையிலும் ட்ரென்டனுக்குப் போவேன். நல்ல இருக்கை கிடைக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நான் பார்ப்பதெல்லாம் தப்பு என்று தமிழில் சண்டை போட ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.