வளர்த்த காது

1994-இல் அனாடமி சார்ட்டுக்காக ஒரு முகத்தை வரைந்துகொண்டிருந்தேன். கன்னத்துத் தோலை விலக்கி, காதுக்கு முன்னால் உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் விளிம்பிலிருந்து முகநரம்பு ஐந்து கிளையாகப் பிரிந்து போவதைக் காட்ட வேண்டும். காதின்மேல் உள்ளங்கையை வைத்து, கட்டைவிரல் நெற்றிப்பொட்டுக்கும் சுண்டுவிரல் கழுத்துக்கும் போகும்படி விரல்களை விரித்துப் பாருங்கள். நரம்பின் வழி அதுதான். மாணவர்களுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

மேஜையில் இருந்தது ஒரு பாட்டியின் உடல். காது வளர்த்த பாட்டி. எங்கள் மதுரைப் பக்கம் தண்டட்டி போடுவார்கள், திருநெல்வேலிப் பக்கம் பாம்படம். நகை எதுவும் இல்லை, தோல்வளையம் மட்டும் தோளைத் தொடுகிற நீளத்துக்குத் தொங்கியது. அது சரியாகச் சுரப்பியின்மேல் விழுந்து, நரம்பு வெளிவரும் இடத்தை மறைத்தது. டிசெக்‌ஷன் செய்த டாக்டர் அதைத் தூக்கித் தையல் நூலால் பின்னால் கட்டியிருந்தார். கண்டபடியே காதை வரைந்தேன். நூலையும் முடிச்சையும்கூட வரைந்தேன்.

துறைத்தலைவர் வந்து பார்த்தார். "நரம்பு நல்லா வந்திருக்கு ஆர்ட்டிஸ்ட். காதை மட்டும் புஸ்தகத்துல இருக்கிற மாதிரி மாத்திடுங்க. இல்லைன்னா பசங்க காதையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க."

"சரிங்க மேடம்" என்று மாற்றினேன். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்முன், என் நோட்டில் அந்தக் காதை மறுபடி வரைந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரியின் அனாடமி துறையில் ஓவியராகச் சேர்ந்தவன் நான். சேர்ந்த முதல் வாரம் புரிந்த விஷயம், அனாடமி அட்லஸில் இருக்கும் நிறங்கள் மேஜையில் இல்லை என்பது. ஃபார்மலினில் ஊறிய உடலில் எல்லாமே ஈரக் களிமண் நிறம். தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம். உண்மையில் விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமனியின் சுவர் கெட்டியாக இருக்கும், அமுக்கினால் மீண்டு வரும். சிரை தளர்ந்து கிடக்கும், உள்ளே கறுத்த ரத்தம் உறைந்திருக்கும். நரம்பு உள்ளே ஓட்டை இல்லாத வெள்ளைக் கயிறு. இதெல்லாம் கைக்குப் பழகிய பிறகுதான் பேனாவை எடுக்கலாம். வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். நிழலைக் கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைப்போம். ஒரு கைப்பெருவிரல் தசைக்கே ஒரு பகல் போய்விடும்.

இந்த ஈர்ப்பு அதற்கும் முன்னால் தொடங்கியது. மாணவனாக இருந்தபோது பழைய புத்தகக் கடையில் ஒரு படம் பார்த்தேன். மண்வெட்டிமேல் சாய்ந்துகொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் எலும்புக்கூடு. 1543-இல் பாசல் நகரில் அச்சான, வெசாலியஸ் என்ற அனாடமி அறிஞரின் நூலில் வந்த படம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. எனக்கு அது நாள்முழுக்க வரப்பு வெட்டிவிட்டு நிமிர்ந்த என் சித்தப்பாவைப் போல இருந்தது. இடுப்பைச் சாய்த்து நிற்கும் விதம் அப்படியே அவர். பயம் வரவில்லை. எலும்புக்கும் அலுப்பு உண்டு என்று தோன்றியது. அன்றிலிருந்து மண்டையோடு, மெழுகுப் பொம்மை, கண்ணாடி ஜாடி என்று எது கண்ணில் பட்டாலும் நின்று பார்ப்பேன். வீட்டில் அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

கண்டபடி வரைவதா, மாற்றி வரைவதா என்ற அந்தப் பாட்டியின் காது விவகாரத்தை எங்கள் தொழில் முந்நூறு வருஷமாகப் பேசிவருகிறது. 1685-இல் ஆம்ஸ்டர்டாமில் பிட்லோ என்ற மருத்துவர் வெளியிட்ட நூலுக்கு லைரெஸ் என்ற ஓவியர் வரைந்தார். தோலை இழுத்துப் பிடித்த ஊசி, கட்டிய கயிறு, உடலை மூடிய துணி எல்லாம் அவர் படங்களில் உண்டு. ஒரு படத்தில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். 1747-இல் லெய்டன் பேராசிரியர் அல்பினஸ் இதற்கு எதிர்த்திசையில் போனார். பல உடல்களைப் பார்த்து, குறையில்லாத ஒரே மனித உடலைப் படத்தில் கட்டி நிறுத்தினார். எலும்புக்கூட்டின் முன்னால் நூல்வலை கட்டி, கட்டம் கட்டமாக அளந்து அவருடைய ஓவியர் வான்டெலார் வரைந்தார். பின்னணியில் காண்டாமிருகம்கூட மேய்கிறது. அந்த உடலில் தழும்பு கிடையாது, கூன் கிடையாது.

பாடம் நடத்த அல்பினஸ் வேண்டும். ஐந்நூறு பேருக்கு ஒரே படம் போதும் என்றால் அது யாருடைய முகமாகவும் இருக்க முடியாது. ஆனால் என் மனசு லைரெஸ் பக்கம்தான். அந்த ஈ, இது ஒரு நாள், ஒரு அறையில் கிடந்த ஒரு ஆள் என்று சொல்கிறது.

எங்கள் ஆட்களில் நான் மிக மதிப்பது ஹென்றி வான்டைக் கார்ட்டரை. 1858-இல் வந்த கிரேயின் அனாடமி நூலுக்கு 363 படங்கள். அச்சில் நேராக விழ வேண்டும் என்பதால் மரக்கட்டையில் இடவலம் மாற்றி வரைய வேண்டும். உறுப்பின் பெயரை அதன்மேலேயே எழுதும் முறையால் அந்தப் படங்கள் படிப்பதற்கு அவ்வளவு எளிதாயின. அவருக்குக் கிடைத்தது 150 பவுண்டு, ராயல்டி இல்லை. அதே வருஷம் பம்பாய்க்குக் கப்பல் ஏறி, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைக் கால் நோயைப் பற்றி 1874-இல் தனி நூலே எழுதினார். காலில் முள் குத்திய இடத்தில் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து, பாதம் வீங்கிச் சீழ் வழியும் நோய் அது. வெறுங்காலோடு வயலில் இறங்கியவர்களுக்கு வந்தது.

அந்தப் படங்களுக்கு லண்டனில் கிடந்த உடல்கள் யாருடையவை? கேட்க ஆளில்லாமல் ஏழைகள் விடுதியிலும் மருத்துவமனையிலும் செத்தவர்களை அனாடமிக்குக் கொடுக்க 1832-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. வியன்னாவில் நடந்தது அதைவிடக் கொடுமை. அங்கே அனாடமிப் பேராசிரியராக இருந்த பெர்ன்கோப்ஃபின் அட்லஸைப் போல நரம்புகளை நுணுக்கமாகக் காட்டும் நூல் வேறில்லை என்று அறுவை மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதில் லெப்பியர் என்ற ஓவியர் தன் கையெழுத்தோடு ஸ்வஸ்திகா சின்னத்தையும் சேர்த்து வரைந்தார். நாஜி ஆட்சியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 1,377 பேரின் உடல்களாவது அந்த அனாடமிக் கூடத்துக்குப் போயின என்று 1998-இல் வியன்னா பல்கலைக்கழகமே விசாரித்துச் சொன்னது. அந்தப் படங்களின் தொழில்திறமைக்கு முன்னால் நான் எங்கே நிற்க முடியும்? ஆனாலும் அதைப் பார்த்து ஒரு நாள்கூட நான் வரைந்து பழகவில்லை.

என் நோட்டு அப்புறமும் வளர்ந்தது. சார்ட்டுக்கு ஒரு படம் போட்டால், கண்டபடி ஒன்று நோட்டில் போடுவேன். வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். முறிந்து கோணலாகக் கூடிய காறை எலும்பு. பாளம் பாளமாக வெடித்த குதிகால், அந்த வெடிப்புக்குள் இன்னும் செம்மண். சார்ட்டில் பற்கள் வெள்ளை, எலும்பு நேர், குதிகால் வழவழப்பு.

அந்த நோட்டைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று நண்பர்கள் இரண்டு மூன்று தடவை சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உரிமை கோர ஆளின்றி வந்தவர்கள். தன்னைப் பார்க்கலாம் என்று அந்தப் பாட்டி யாரிடமும் சொல்லவில்லை. நரம்பைப் படிப்பதற்காகப் பார்ப்பதை மாணவர்களுக்கு அவள் தந்ததாக வைத்துக்கொள்ளலாம். காதை வேடிக்கை பார்ப்பதற்கு அவளிடம் யார் கேட்டோம்? இந்த வரிகளில்கூட அவள் ஊரையோ முகத்தையோ நான் எழுதவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக வரைந்தது ஒரு பள்ளி ஆசிரியரின் கை. உயிரோடு இருக்கும்போதே உடல்தானத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அவர் மகன் உடலைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். நடுவிரலின் பக்கவாட்டில் பேனா பிடித்துக் காய்த்த மேடு. அதைச் சார்ட்டிலேயே வரைந்தேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

உடல்தானம் செய்ய நினைக்கிறவர்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் அனாடமி துறைக்குப் போய் விண்ணப்பம் வாங்கிக் கையெழுத்திடுங்கள். வீட்டில் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள், தகவல் தர வேண்டியவர்கள் அவர்கள்தான்.